ஆர்லன் டிங்லாஸும் மாமியாரின் ஏழு மாடுகளும்

லிமிலாயாவில் மாடு மேய்கிற மாதிரி நல்ல புல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அந்தப் புல்லை வளர்த்தவன் ஆர்லன் டிங்லாஸ். அதுவே அவனுக்குத் தீராத தலைவலி.

ஊரைச் சுற்றிப் பைன் மரமும் கம்பி மாதிரி முரட்டுக் கோரையும்தான். மாடு வாய் வைத்தால் நாக்கு கிழியும். ஊருக்கு நடுவில் எழுநூறு மீட்டர் நீளத்துக்கு மட்டும் குட்டையாக, இளசாக, பச்சைப்பசேலென்று புல். விமானம் இறங்குகிற திடல் அது. ஆர்லன் இருபத்திரண்டு வருஷமாக வெட்டுக்கத்தியைத் தீட்டித் தீட்டி அதைச் சீராக வைத்திருந்தான். வெட்ட வெட்டத் தளிர் வந்தது. தளிர் வர வர மாடு வந்தது. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு இப்படி ஒரு தண்டனை வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று அவன் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மாடுகள் மொத்தம் ஏழு. ஏழும் ஒடிலியாவுடையவை. ஒடிலியா அவனுடைய மாமியார். சிக்கல் அங்கேதான்.

மருமகன் மாமியாரோடு பேசக் கூடாது, முகத்துக்கு முகம் பார்க்கக் கூடாது. கடலோர ஊர்களில் இந்த வழக்கம் எப்போதோ தேய்ந்து போயிற்று. அங்கே மருமகன்களும் மாமியார்களும் உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள் என்று கேள்வி. லிமிலாயாவிலும் மற்ற வீடுகளில் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். ஒடிலியா வீட்டில் மட்டும் ஆணி அடித்தது போல நின்றது. தன் தாயும் அப்படித்தான் இருந்தாள், தன் தாயின் தாயும் அப்படித்தான் இருந்தாள், இவன் ஒருவனுக்காக மாற்ற முடியுமா என்பாள். அதையும் அவனிடம் சொல்ல மாட்டாள், சுவரிடம் சொல்வாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்குப் போகிறவன். ஆர்லன் காயலுக்கு அக்கரையிலிருந்து இருபத்தோரு வயதில் ஒரு கொசுவலை, ஒரு வெட்டுக்கத்தி, ஒரு கிடார் சகிதம் வந்து இறங்கினான். கிடாரை முதல் மழைக்காலத்திலேயே கரையான் தின்றது. மெர்லினா நல்ல பெண்டாட்டிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவளுடைய சொந்தம். இவனுக்கு என்று பரிந்து பேச ஒரு நாய் கிடையாது. மாமியார் எதிரே வந்தால் இவன் மரத்தின் பக்கம் திரும்பிக்கொள்வான், அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வாள். தேவாலயத்தில் இவன் இடது பக்கம், அவள் வலது பக்கம். ஒரு தடவை ஆறு பெருகி வந்து ஊரே தோணிகளில் ஏறித் தப்ப வேண்டியதாயிற்று. மாமியாரும் மருமகனும் ஒரே தோணியில் முதுகோடு முதுகு ஒட்டி ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்தார்கள். அவள் தும்மியபோது இவன் முதுகு குலுங்கியது. அவர்களுக்குள் நடந்த நெருக்கமான விஷயம் அது ஒன்றுதான்.

அப்படியானால் ஒரு வீட்டுக்குள் காரியம் எப்படி நடக்கும்? தூதுதான். முதலில் மெர்லினா தூது போனாள். மகள் நெல்வாவுக்கு நாலு வயதானதும் அவள் தலையில் கட்டிவிட்டார்கள். "போய்ப் பாட்டிகிட்ட சொல்லு", "போய் உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று அந்தப் பெண் பதினைந்து வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தாள். நாலு வருஷத்துக்கு முன் ஒடிலியா மாடுகளோடு இருக்க வேண்டும் என்று திடலின் கிழக்கு முனையில் தனிக் குடிசை போட்டுக்கொண்ட பிறகு, நடை இன்னும் கூடிப் போயிற்று. நெல்வா அலுத்துக்கொண்டதே இல்லை. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்கிற பெண் என்று இரண்டு பக்கமும் அவளை மெச்சினார்கள்.

கயிறு போட்டுக் கட்டினால் ஆயிற்று, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தான். ஒரு தடவை சிவப்புப் பசுவைப் பைன் மரத்தில் கட்டினான். அது கயிற்றோடு பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. எட்டு மாதம் அந்த வீட்டில் இவனுக்கு வாழைக்கூழ் ஆறிப்போய்த்தான் வந்தது. விரட்டினால் கிழக்கே போய் வடக்கே வந்து நிற்கும். அந்த ஏழும் உலகத்தில் ஒரே ஒரு குரலுக்குத்தான் கட்டுப்படும், அது ஒடிலியாவின் குரல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் நெல்வாவுக்குக் கடற்கரை நகரத்தில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் வட்டாரம் முழுவதற்கும் இரண்டே இடம். விண்ணப்பத்தை வாங்கியது, நிரப்பியது, போதகரிடம் கையெழுத்து வாங்கியது, விமானத்தில் கொடுத்து அனுப்பியது எல்லாம் ஆர்லன். முடிவு வந்த அன்றைக்கு ஊரின் முப்பத்தோரு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொன்னான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளியில் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் வருகிற ஒரே விமானம் வியாழக்கிழமை விமானம். படகை நம்ப முடியாது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, ஆற்று முகத்தில் மணல் திட்டு மேல் அலை வீடு உயரத்துக்கு எழும்புகிறது. அடுத்த திடலுக்குக் காயல் வழியாகத் தோணியில் இரண்டு நாள், அங்கேயும் விமானம் அந்த வியாழனோடு சரி.

மெர்லினா மேலே ஆற்றங்கரை வயலில் நெல் அறுப்புக்குப் போயிருந்தாள். நெல் யாருக்காகவும் காத்திருக்காது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு முன்னாலேயே விடைபெற்றுப் போயிருந்தாள். எனவே எல்லாப் பாரமும் ஆர்லன் தலையில் விழுந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் வந்தபோது விமானி பெனித்தெஸ் அந்த ஏழில் சின்னதான கன்றுக்குட்டியின் மேல் ஏறப் பார்த்து, கடைசி நொடியில் தூக்கி, மறுபடி சுற்றி வந்து இறங்கினான். கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தத் தொடங்கினான்.

"யோவ், இது திடலா, மாட்டுத் தொழுவமா?"

"நான் விரட்டத்தான் செய்யறேன் கேப்டன். அது திரும்பித் திரும்பி வருது."

"யாரு மாடு?"

"என் மாமியார் மாடு."

"அப்போ மாமியார்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

ஆர்லன் தலையைச் சொறிந்தான். கடற்கரை நகரத்து ஆளிடம் இதை எந்த முனையிலிருந்து தொடங்கிச் சொல்வது?

"பேச முடியாது கேப்டன்."

"ஊமையா?"

"இல்ல. நல்லாப் பேசுவாங்க. என்கூடத்தான் பேச மாட்டாங்க."

பெனித்தெஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "இதோ பாரு, எனக்கு மூணு பிள்ளைங்க. உன் குடும்பச் சண்டைக்கு நான் சாக முடியாது. அடுத்த வாட்டி வர்றப்போ இந்தப் புல்லுல காலோட எதாவது நின்னுச்சுன்னா, மாடோ, ஆடோ, எதுவோ, நான் இறங்க மாட்டேன். திரும்பியும் வர மாட்டேன். லிமிலாயாவை என் பட்டியல்லேருந்து அடிச்சுடுவேன். புரிஞ்சுதா?"

புரிந்தது.

விமானம் வர வேண்டிய வாரத்தில், திங்கட்கிழமை காலை ஆர்லன் நெல்வாவைக் கூப்பிட்டான். "பாட்டிகிட்ட போய்ச் சொல்லு. வியாழக்கிழமை விடியறதுக்குள்ள ஏழு மாட்டையும் ஓடைக்கு அந்தாண்ட ஓட்டிட்டுப் போயிடணும். விமானி கடைசியாச் சொல்லிட்டான். உன் படிப்பே இதுலதான் இருக்கு. இதையும் சேர்த்துச் சொல்லு."

நெல்வா போனாள். அரை மணி நேரத்தில் திரும்பினாள்.

"என்ன சொன்னாங்க?"

"இந்தத் திடல் அவங்க அப்பா நிலமாம். சண்டைக் காலத்துல பட்டாளத்துக்காரன் வந்து கேக்காமலே மரத்தை வெட்டித் திடல் போட்டானாம். புல்லு அவங்க புல்லாம்."

ஆர்லன் பல்லை நறநறவென்று கடித்தான். இந்தப் பாட்டை அவன் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டு வருகிறான். வார்த்தைக்கு வார்த்தை மாமியார் பேச்சேதான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அனுப்பினான். இந்த முறை கெஞ்சிச் சொல்லச் சொன்னான். "பேத்திக்காகன்னு சொல்லு. ஒரே ஒரு நாள்னு சொல்லு."

பதில் வந்தது. "மாட்டுக்கும் வயிறு உண்டாம். உங்களுக்கு அவசரம்னா விமானத்தை ஓடைக்கு அந்தாண்ட இறக்கச் சொல்லணுமாம்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மச்சினன் ரூஃபோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெர்லினாவின் தம்பி அவன், வேலை வெட்டி இல்லாதவன், மற்றவர்கள் படுகிற பாட்டை ரசித்துப் பார்ப்பதே அவன் பிழைப்பு. "எங்கம்மா சொன்னது சரிதானே மச்சான்? ஓடைக்கு அந்தாண்ட நல்லா சமமாத்தான் இருக்கு. முதலை மட்டும் கொஞ்சம் ஒத்துழைச்சாப் போதும்."

"நீ போய்ச் சொல்லேன்டா. உங்கம்மாதானே?"

"ஐயோ, நான் மாட்டேன்ப்பா. போன மாசம் அவங்க கோழியைத் தின்னுட்டேன். எலும்பைக்கூட ஒளிச்சு வெச்சிருக்கேன். இப்போ போனா என்னையே அறுத்துடுவாங்க."

புதன்கிழமை ஆர்லன் கெஞ்சவில்லை. "இந்த மாட்டால என் மக படிப்பு கெட்டுதுன்னா, அப்புறம் இந்த ஊர்லயே நான் இருக்க மாட்டேன்னு சொல்லு" என்று அனுப்பினான். நெல்வா போனாள், வந்தாள். பாட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள் என்றாள். மாமியார் துண்டை உதறினால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஊருக்கே தெரியும்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஏழு மாடும் திடலின் நட்டநடுவில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

ஐந்து மணியிலிருந்து விரட்டினான். குரல் கட்டத் தொடங்கியது. கட்டையை எறிந்தான், தகரத்தைத் தட்டினான், பைன் குச்சியைக் கொளுத்திக்கொண்டு ஓடினான். மாடுகள் எழுந்து முப்பது அடி நடந்து, அவன் திரும்பியதும் பழைய இடத்துக்கே வந்தன. சிவப்புப் பசு, கால் ஒடிந்த அதே பசு, நொண்டி நொண்டி வந்து அவனைப் பார்த்து நிதானமாகச் சாணி போட்டது. எட்டரை மணிக்கு அவன் சட்டை முழுக்க நனைந்து பிழிகிற பதத்தில் இருந்தது. நெல்வா ஒரு பெட்டி, ஒரு மூட்டையோடு திடலின் ஓரத்தில் பைன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். புது வெள்ளைச் சட்டை.

ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது காயல் பக்கத்திலிருந்து விமானச் சத்தம் கேட்டது.

ஆர்லனுக்குள் ஏதோ அறுந்துபோனது. வெட்டுக்கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிழக்கு முனையைப் பார்த்து ஓடினான். ஒடிலியா இருட்டிலேயே கொல்லைக்குக் கிழங்கு பிடுங்கப் போய் அப்போதுதான் திரும்பி, குடிசை வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். இவன் வருவதைப் பார்த்ததும் வழக்கப்படி துண்டைத் தலையில் இழுத்துப் போட்டாள். இவன் வழக்கப்படி மரத்தின் பக்கம் திரும்பவில்லை. நேரே போய் அவள் எதிரே நின்றான். வாயைத் திறந்தான். அப்போதுதான் அவனுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த மனுஷியை என்னவென்று கூப்பிடுவது? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

"ஏ மாட்டுக்காரம்மா!" என்று கத்தினான்.

கிழங்கு ஒடிலியா கையிலிருந்து விழுந்தது.

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? மூணு நாளா ஆளனுப்பறேன். கெஞ்சியாச்சு, மிரட்டியாச்சு. உங்க பேத்தி பெட்டியைத் தூக்கிட்டு அங்க நிக்கறா. விமானம் தலைக்கு மேல வந்துடுச்சு. ஏழு மாட்டை விட அவ உங்களுக்குக் கேவலமாப் போயிட்டாளா?"

ஒடிலியா துண்டை மெல்ல விலக்கினாள். ஆர்லன் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தான். மெர்லினாவின் மூக்கு, மெர்லினாவின் தாடை. இதற்காகவா இத்தனை வருஷம் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று அந்த அவசரத்திலும் அவனுக்குத் தோன்றியது.

"யாரு ஆளனுப்பினா?" என்றாள் ஒடிலியா.

"நான்தான்! நெல்வாகிட்ட!"

"நெல்வா வந்தா. இந்த வாரம் விமானம் கிடையாதுன்னா. புல்லு ரொம்ப வளந்துபோச்சு, அப்பாவுக்கு முதுகு வலி, வெட்ட முடியல, மாட்டை நல்லா மேய விடுங்க பாட்டின்னா. நீதான் சொல்லச் சொன்னேன்னா." அவள் குரல் ஏறியது. "உன் முதுகுக்கு எரக்கப்பட்டு நான் மூணு நாளா ஓடைப் பக்கம் போன மாட்டைக்கூடத் திடலுக்கு ஓட்டிட்டு வந்து விடறேன், நீ என்னையே மாட்டுக்காரம்மாங்கற!"

ஆர்லன் அப்படியே நின்றான். ஒடிலியா நிற்கவில்லை. அவள் பேசுகிறபோதே எழுந்துவிட்டாள். உப்புத் தகரத்தை எடுத்துக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, "ஹோ… ஹோய்… ஹோ…" என்று குரல் கொடுத்தாள். ஏழு மாடும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி அவள் பின்னால் நடந்தன. விமானம் காயலைத் தாண்டி வருவதற்குள் திடலில் ஒரு மாடு இல்லை. இருபத்திரண்டு வருஷமாக முடியாத காரியம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் அவன் போட்ட கூச்சல் முப்பத்தோரு வீட்டுக்கும் கேட்டிருந்தது. ஆர்லன் மாமியாரோடு பேசுகிறான்! முகத்தைப் பார்த்துப் பேசுகிறான்! இப்படி ஒரு அதிசயத்தை லிமிலாயாவில் யாரும் தவறவிடுவார்களா? அறுப்புக்குப் போகாமல் மிச்சம் இருந்தவர்கள் அத்தனை பேரும், கைக்குழந்தைக்காரிகள் உள்பட, போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். கிழக்கு முனைக்குக் குறுக்கு வழி திடல்தான். ரூஃபோ எல்லாருக்கும் முன்னால் வந்தான். "மாட்டுக்காரம்மான்னு கூப்பிட்டாராம்! எங்கம்மாவை!" என்று அவன் சொல்லச் சொல்லக் கூட்டம் அலை அலையாகச் சிரித்தது. திடலின் நட்டநடுவில், மாடுகள் படுத்திருந்த அதே இடத்தில், நாற்பது பேர் வட்டம் கட்டி நின்றார்கள்.

"விலகுங்க! விலகுங்க!" என்று ஆர்லன் ஓடி வந்தான். மாமியாரிடம் போட்ட கூச்சலோடு தொண்டை முழுக்கக் கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது. கையை விசிறினான். கூட்டமும் பதிலுக்குக் கையை விசிறியது.

விமானம் பைன் மர உச்சியை உரசுகிற மாதிரித் தாழ்ந்து வந்தது. பெனித்தெஸின் முகம்கூடத் தெரிந்தது. கூட்டம் அண்ணாந்து பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தது. விமானம் இறக்கையைச் சாய்த்து மேலே ஏறியது. ஒரு வட்டம் அடிக்கும் என்று ஆர்லன் நினைத்தான். அடிக்கவில்லை. நேராக மேற்கே போய், மேகத்துக்குள் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் போய்விட்டது.

கூட்டத்துக்கு அப்போதுதான் புத்தி வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். நெல்வா போக வேண்டிய விமானம் போனது, இனி லிமிலாயாவுக்கு விமானமே கிடையாது. காய்ச்சல்காரன், கர்ப்பிணி, கடிதம், மருந்து எல்லாவற்றுக்கும் இனித் தோணிதான். ஆர்லன் இருபத்திரண்டு வருஷம் வெட்டிய புல் இனி வெறும் மேய்ச்சல் நிலம்.

அவன் பைன் மரத்தடிக்கு நடந்தான். நெல்வா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளை அடித்தால் என்ன என்று ஒரு நொடி கை பரபரத்தது. அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டான்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்றான். "நான் சொன்னதைப் பாட்டிகிட்ட சொல்லல. பாட்டி சொல்லாததை என்கிட்ட சொன்னே. புல்லு அவங்க புல்லு, மாட்டுக்கு வயிறு உண்டு, எல்லாம் நீயா சொன்னதா?"

"பாட்டி அப்படித்தானே சொல்லியிருப்பாங்க."

"ஊர்ல ஒரு பொண்ணுக்குக் கிடைக்காத இடம்! எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா?"

நெல்வா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் தடுமாறவில்லை.

"எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும். மீன் கழுவற தண்ணி சிவப்பானாலே கண்ணு இருட்டிக்கும். கோழி அறுக்கறப்போ எல்லாம் நான் ஓடைக்கு ஓடிடுவேன். அம்மாவுக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியும். ரூஃபோ மாமாவுக்குக்கூடத் தெரியும், கிண்டல் பண்ணுவார். நர்ஸ் படிப்பு எனக்கு வேணாம். எனக்குத் தோணி ஓட்டணும். காயல்ல சரக்குத் தோணி. அக்கரைக்கும் இக்கரைக்கும்."

ஆர்லன் கேட்டுக்கொண்டு நின்றான். பெண் சொன்னது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. ஆனால் பதினைந்து வருஷமாக இந்தப் பெண் வாயைத் திறந்தால் அது வேறு யாரோ ஒருவர் சொல்லி அனுப்பிய சேதியாகத்தான் இருந்திருக்கிறது. அவன் தன்னை அறியாமல் கிழக்கு முனையைப் பார்த்தான்.

"இதை யாரு சொல்லச் சொன்னா? பாட்டியா, அம்மாவா?"

நெல்வா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லச் சொல்லலப்பா. நான்தான் பேசறேன்."